கீழே எழுதிய பெயர்

உடையார்கட்டு
18.01.2024

அன்புத் தம்பி கிருபனுக்கு,

அக்கா பிரேமிளா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். பொங்கலுக்கு ஒரு நாள் மழை விட்டுத் தந்தது, அதுவே பெரிய காரியம். உனக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதா? குளிருக்குள் நின்று நின்றுதான் அது வருகிறது, கவனம்.

கடிதத்தைக் கண்டதும் பயந்திருப்பாய். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அது அம்மாவின் இடுப்பில். நீ பேசினால் சத்தமாகப் போட்டு நாலு வீட்டுக்குக் கேட்க வைக்கிறார். வட்ஸ்அப்பில் எழுதினால் பக்கத்து வீட்டு வினோஜாவைக் கூப்பிட்டு வாசிப்பிக்கிறார். கடிதம் ஒன்றுதான் அவர் கையில் அகப்படாது. பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் தைக்கப் போகிற புதுக்குடியிருப்பு ஐயாத்துரை அண்ணையின் கடை விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

போன செவ்வாய் அம்மா வழக்கம்போல முல்லைத்தீவில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் போராட்டம் இருக்கும் பந்தலுக்கு நம் கடைக்குட்டி சுதாவின் படத்தோடு போயிருந்தார். பாரிஸில் இருந்து லீவில் வந்த சதீஸ் என்று ஒருவர் அந்தப் படத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாராம். "அம்மா, இவரை எனக்குத் தெரியும். 2010இலை லாச்சப்பல் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையிலை என்னோட கோப்பை கழுவினவர். வன்னி, வன்னி எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவினம். ஆள் உயிரோடதான் இருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா செருப்பைப் பந்தலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். வாசலில் நின்று, இன்னும் மாறாத அந்த மலையகப் பேச்சில் "என் சுதா இருக்கான்டி, உசுரோட இருக்கான்டி" என்று கத்தினார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் ஒரு கோப்பைச் சோறு முழுதாகச் சாப்பிட்டார்.

அந்தப் படம் யாருடையது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இதுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இனிக் கதைக்காமல் இருக்க முடியாது.

2005 மார்கழியில் நீ வெளிக்கிட முதல்நாள் மூன்று பேரும் ஸ்ரூடியோவுக்குப் போனோமே. மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் ஒருத்தர் குறைந்துபோவார் என்று அம்மா வாசலில் வைத்தே மறித்துவிட்டார். அதனால் இரண்டு படம். நானும் நீயும் ஒன்று, நானும் சுதாவும் ஒன்று. போகிறவனின் முகம் வீட்டில் இருக்கட்டும் என்று உன்னுடையதை எங்களிடம் வைத்தோம். வீட்டில் இருக்கிறவனின் முகத்தை நீ கொண்டுபோனாய். மிச்சப் படங்கள் எல்லாம் இடம்பெயர்ந்ததில் போய்விட்டன. சுதாவின் முகம் உலகத்திலேயே உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை அனுப்பு.

உன் சுகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா பிரேமிளா


பாரிஸ்
11.02.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன், கால் பரவாயில்லை. நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கவேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! 'ற' இன்னும் அப்படியே குனிந்துதான் நிற்கிறது.

அம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். தாடியும் மொட்டையுமாய் இருக்கிற என்னை வீடியோவில் பார்த்துக்கொண்டே, "தம்பி உன் ஊருலதான்பா இருக்கான், போய்த் தேடு, அந்த சமையல்கட்டுல கேளு" என்கிறார். நான் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைக்கிறேன். அக்கா, சதீஸ் சொன்ன வன்னி நான்தான். அவரை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நல்ல மனுசன்.

என் படத்தைத்தான் அம்மா வைத்திருக்கிறார் என்பது எனக்கு 2017இலேயே தெரியும். பந்தல் போட்ட புதிதில் செய்தியில் வந்தது. வேலைக்குப் போகும்போது ரயிலில் வைத்துப் பார்த்தேன். பெரிதாக்கின என் முகம், கீழே சுதாவின் பெயர், பிறந்த ஆண்டு, காணாமல் போன திகதி. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டேன். காணாமல் போனவன் நானோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அடுத்த ஞாயிறு கேட்கத்தான் இருந்தேன். ஏழு வருடம் ஞாயிறுகள் வந்து போய்விட்டன.

படம் இருக்கிறது. வீடு மாறினதில் பெட்டிகள் கூட்டாளி ஒருவரின் நிலவறையில் கிடக்கின்றன. தேடி அனுப்புகிறேன். கொஞ்சம் பொறுங்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இந்த வருடம் முடிவு வரும் என்கிறார்கள். அகதி அட்டையோடு ஊருக்கு வர விடமாட்டார்கள். அது கிடைத்தால் பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அம்மாவை வந்து பார்க்கலாம்.

அன்பு மாறாத தம்பி
கிருபன்


உடையார்கட்டு
29.02.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம், நீயும் சுகமாக இரு. நீ கேட்காததைக் கேட்டதாக நினைத்துப் பதில் சொல்கிறேன்.

2009 ஆனி மாதம், முகாமில். காணாமல் போனவர்களைப் பதிகிறார்கள் என்று வரிசையில் நின்றேன். படம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம், இல்லாதவர்கள் பிறகு வாருங்கள் என்றார்கள். பிறகு என்றால் எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து வட்டுவாகலில் இறங்கி வந்தபோது சுதாவை என் கண்முன்னால்தான் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். பிந்தினால் அவனை எங்கே கொண்டுபோவார்களோ என்று பயந்தேன். பொலித்தீனில் சுற்றி என் சட்டைக்குள் இருந்தது நீயும் நானும் நின்ற படம் ஒன்றுதான். பக்கத்தில் நின்றவரிடம் பிளேட் வாங்கி என்னை வெட்டி எடுத்தேன். படத்தில் உனக்கு வயது பத்தொன்பது. பஸ்ஸில் ஏறினபோது அவனுக்கும் பத்தொன்பது. இரண்டு பேரும் ஒரே அச்சு என்றுதானே ஊரே சொல்லும்.

அம்மா காய்ச்சலில் கிடந்தார். சுகமாகி வந்து, பதிந்த துண்டில் படத்தைக் கண்டதும் "ஐயோ என் சுதா" என்று கொஞ்சினார். "அது கிருபனம்மா" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே இரண்டாம் தடவையும் பிள்ளையைப் பறித்தவள் ஆகியிருப்பேன். வாயை மூடிக்கொண்டேன்.

பந்தல் தொடங்கினபோது படத்தைப் பெரிதாக்க ஸ்ரூடியோவில் கொடுத்தேன். உன் புருவத்துக்கு மேலே மச்சம் இருக்கிறதே, சுதாவுக்கு இல்லையே. "அண்ணை, அந்தக் கறுப்பை எடுத்துவிடுங்கோ" என்றேன். அவர் கம்பியூட்டரில் ஒரு தட்டுத் தட்டினார், மச்சம் போய்விட்டது. "கீழே என்ன பேர் போட?" என்று கேட்டார். சுதாகரன் என்றேன். படத்துக்கு வாய் இல்லைத் தம்பி. கீழே எந்தப் பெயரை எழுதினாலும் அந்தப் பெயராகவே நிற்கிறது.

இப்போது ஒரு இணையச் செய்திக்காரன், காணாமல் போனவர் பாரிஸில் சொகுசு வாழ்க்கை என்று உன் படத்தோடு போட்டுவிட்டான். பந்தலில் அம்மாவோடு ஒன்றாய் இருக்கிற ராஜினி அக்கா என்னைத் தேடி வந்தார். அவவின் மூத்த மகனும் அதே பஸ்ஸில் போனவன். "உங்கட அம்மா சந்தோசப்படட்டும் பிள்ளை, நான் எரிச்சல்படேல்லை. ஆனால் நாளைக்கு எங்கட பிள்ளையளும் வெளிநாட்டிலைதான் எண்டு சொல்லிக் கதையை முடிச்சுப்போடுவாங்கள். நாங்கள் எங்கை போறது?" என்று கேட்டார்.

கொழும்பில் இருந்து காணாமல் போனோர் அலுவலகக்காரர் விசாரணைக்கு ஏப்ரல் 24ஆம் திகதி வருகிறார்களாம். அதற்குள் சுதாவின் படம் என் கையில் இருந்தால், உண்மையைச் சொல்லிப் படத்தை மாற்றிவிடலாம். படம் இல்லாமல் உண்மையை மட்டும் சொன்னால் அவனுக்கு முகமும் இல்லாமல் போய்விடும்.

அவசரமாய் எதிர்பார்க்கும்
அக்கா


புதுக்குடியிருப்பு
28.03.2024

கிருபனுக்கு,

சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் தையல் மெசினை விட்டு எழும்புகிறேன். ஐயாத்துரை அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

அம்மா நேற்றுச் சந்தைக்குப் போய் சுதாவுக்கு ஒரு சேட் வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர் அளவு கேட்டிருக்கிறார். இவர் படத்தை எடுத்துக்காட்டி "இந்தப் புள்ளைக்குத்தான்யா" என்றாராம். சுதாவுக்கு இப்போது முப்பத்துநாலு வயது நடக்கிறது. அம்மாவுக்கு அவன் இன்னும் பத்தொன்பது.

நிலவறைக்குப் போனாயா இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா


பாரிஸ்
10.04.2024

அன்பு அக்காவுக்கு,

சுணங்கினதுக்கு மன்னியுங்கள். நான் சுகம். அம்மாவின் பிரஷர் எப்படி? குளிசை விடாமல் போடுகிறாரா?

அம்மாவின் கரைச்சல் தாங்காமல் போன சனி அந்தப் பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். என்னைத் தேடி நானே போனேன். முதலாளி மாறிவிட்டார். குசினியில் பெடியன் ஒருத்தன் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். "வன்னி எண்டு ஒருத்தர் இஞ்சை வேலை செய்தவரோ?" என்று கேட்டேன். "அப்பிடி ஒருத்தரும் இல்லை அண்ணை" என்றான். வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்து அழுதேன். அம்மாவுக்குப் போன் எடுத்து, "கேட்டேன் அம்மா, இப்போ அங்கே இல்லையாம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

என் போனில் பதினோராயிரம் படம் இருக்கிறது அக்கா. சாப்பாடு, பனி, கூட்டாளிகளின் பிள்ளைகளின் பிறந்தநாள். ஒன்று அழிந்தாலும் எனக்குத் தெரியவராது. அங்கே ஒரு படத்துக்காக நீங்கள் உயிரை விடுகிறீர்கள். நாங்கள் போகிறவனைத்தானே படம் பிடிக்கிறோம். வாசலில் நின்று கையசைக்கிறவன் எப்போதும் அங்கேயே நிற்பான் என்று நினைத்துவிடுகிறோம்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? இதை இப்படியே விட்டால் என்ன? அம்மாவுக்கு எழுபது வயது. அவன் எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே இருக்கட்டும். சோறு சாப்பிடுகிறார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

படத்தை இன்னும் தேடுகிறேன்.

கிருபன்


உடையார்கட்டு
30.04.2024

தம்பி கிருபனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருக்கவேண்டும். சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

விசாரணை நடந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கதிரை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். "அம்மா, மகன் பிரான்சிலை இருக்கிறார் எண்டு சொல்லுறீங்கள்" என்று மொழிபெயர்த்தவர் கேட்டார். "ஆமாங்கய்யா, இருக்கான், பாத்தவங்க சொன்னாங்க" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்ப சந்தோசம். பைலை மூடலாம். இதிலை கையெழுத்து வையுங்கோ" என்று தாளை நீட்டினார்கள். அம்மா பெருவிரலை மையில் தோய்த்துவிட்டார். அந்த நேரம் ராஜினி அக்கா வெளியில் இருந்து ஓடிவந்து அம்மாவின் கையை எட்டிப் பிடித்தார். "ராக்காயி அக்கா, பிள்ளையின்ர குரலைக் கேட்டனீங்களோ? ஒருக்கால் கேட்டிட்டு வையுங்கோ!" என்று கத்தினார். அம்மா திகைத்துப்போனார். மை சேலையில் பட்டதுதான் மிச்சம். அடுத்த தவணை ஓகஸ்ட் 12.

நான் அங்கேயே இருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்படியே விடு என்று எழுதியிருக்கிறாய். அம்மா கைநாட்டு வைத்தால் சுதாவைத் தேட உலகத்தில் ஒரு தாளும் மிஞ்சாது. அவனைப் பஸ்ஸில் ஏற்றினதே நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

இன்னொன்று. இதை ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போது சுதாவை நினைத்துப் பார்க்கிறேன். அவன் நடை ஞாபகம் வருகிறது. "அக்கோ" என்று இழுக்கிற குரல் வருகிறது. கறியில் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாய் வைக்கிற விரல் வருகிறது. கழுத்துக்கு மேலே போனால் உன் முகம்! ஒவ்வொரு தடவையும் உன் முகம்தான் வருகிறது, அதுவும் மச்சம் அழித்த முகம். படம் இருந்தால் மறக்காது என்று சொல்வார்களே, என் தம்பியை எனக்கு மறக்கடித்தது படம்தான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது கிருபன். அவன் எப்படி இருந்தான்? உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அனுப்பு.

அக்கா


பாரிஸ்
09.06.2024

அக்கா,

உங்கள் சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நிலவறை ஒன்றும் இல்லை. பெட்டி ஒன்றும் இல்லை. சுதாவின் படம் 2010ஆம் ஆண்டில் இருந்து என்னிடம் இல்லை.

2008இல் என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. மேன்முறையீட்டுக்கு வீரகத்தி என்று ஒருவர் எனக்குக் கேஸ் எழுதித் தந்தார். எங்கட ஆள்தான், மொழிபெயர்ப்பாளர். தம்பி காணாமல் போய்விட்டான் என்று சொன்னேன். "காணாமல் போனது எண்டால் இவங்களுக்கு விளங்காது தம்பி. திரும்பி வரலாம்தானே எண்டு கேப்பாங்கள். செத்துப்போனார் எண்டு எழுதுவம். ஒரு சொல்தானே" என்றார். ஆதாரத்துக்குப் படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.

நீதிபதி ஒரு பெண். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அனுதாபம் தெரிவித்தார். மூன்று கிழமையில் அட்டை கிடைத்தது. அன்று கூட்டாளிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்தேன் அக்கா. ஆட்டிறைச்சி சமைத்தோம்.

அப்போது அவன் இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் கையெழுத்து வைத்த பிறகு எனக்குத் தெரிந்ததுபோல ஆகிவிட்டது. நீங்கள் அங்கே என் முகத்தை வைத்து அவனைத் தேடினீர்கள். நான் இங்கே அவன் முகத்தை வைத்து அவனைக் கொன்று, வாழ வழி செய்துகொண்டேன்.

அந்தக் கேஸ் பைலைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். தம்பி சாகவில்லை, ஊரில் தேடுகிறோம் என்று சொன்னால் அன்று சொன்னது பொய் என்று ஆகும். பிரஜாவுரிமை போகும், அட்டையும் போகலாம். அதனால்தான் நாலு மாதமாய் உங்களைப் பேய்க்காட்டினேன்.

காறித் துப்புங்கள். ஏற்றுக்கொள்கிறேன்.

கிருபன்


புதுக்குடியிருப்பு
27.06.2024

போய் அந்தப் படத்தை எடு. என்ன காரணம் சொல்வாயோ எனக்குத் தெரியாது. ஓகஸ்ட் 12க்கு முன்னால் எனக்கு வேண்டும்.

பிரேமிளா


பாரிஸ்
22.07.2024

அக்காவுக்கு,

போனேன். தம்பியின் நினைவாக அந்தப் படத்தை வைத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். மறுபடியும் அதே பொய்தான், வேறு வழி தெரியவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டார்கள். மூலப் படத்தை 2011இலேயே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அது நான் விட்டுவிட்டுப் போன பழைய அறைக்குப் போயிருக்கிறது. ஏழு பேர் இருந்த அறை. அந்தக் கட்டடத்தை இடித்து எட்டு வருடமாகிறது. அந்த இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். கார் நிறுத்துகிறார்கள்.

கோப்பில் இருந்தது போட்டோக் கொப்பி மட்டும். அதில் இன்னொரு கொப்பி எடுத்துத் தந்தார்கள். அதைத்தான் இதற்குள் வைத்திருக்கிறேன். எடுக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு எடுங்கள். உங்கள் இரட்டைப் பின்னல் தெரிகிறது. சுதாவின் கட்டம் போட்ட சேட் தெரிகிறது. உங்கள் தோளில் அவன் கை தெரிகிறது, அக்கா, அந்த விரல்கள்தான். முகம் இருக்கவேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கீழே பிரெஞ்சில் எழுதியிருக்கிறது: விண்ணப்பதாரியின் சகோதரர், 2009இல் இறந்தவர். அதற்குக் கீழே என் கையெழுத்து.

நீங்கள் கேட்டீர்களே, அவன் எப்படி இருந்தான் என்று. எனக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சொல்வதா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கிருபன்


உடையார்கட்டு
18.08.2024

மவன் கிருபனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல ராஜினி எழுதுறா. ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். எப்புடிப்பா இருக்க? நேரத்துக்குச் சாப்புடுறியா? எனக்குக் கால் வலி தவிர ஒரு கொறையும் இல்ல.

பிரேமி எல்லாத்தையும் சொல்லிப்புட்டா. அந்தத் தாளையும் காட்டினா. நான் அவளை அடிச்சேன். நாப்பத்தி ரெண்டு வயசுப் பொம்பளைய வெளக்குமாத்தால அடிச்சேன். அவ நின்னு வாங்கிக்கிட்டா. அப்பறம் ரெண்டு பேரும் குசினியிலயே விடிய விடியக் கெடந்தோம்.

படம் உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதான்னு பிரேமி கேட்டா. தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரியும்னும் சொல்ல மாட்டேன். காய்ச்சல்ல எந்திரிச்சு வந்தவளுக்கு ஒரு முகம் வேணும்னு இருந்துச்சு. கெடச்சத கட்டிப் புடிச்சுக்கிட்டேன். மூணு பேரா நின்னு படம் புடிக்காதீங்கன்னு சொன்னவ நான்தானே. சேத்து நிக்க விட்டிருந்தா இன்னைக்கு என் ரெண்டு ஆம்பளப் புள்ளையும் ஒரே தாள்ல இருந்திருப்பானுங்க.

பந்தல்ல எல்லாரையும் கூப்புட்டு வச்சு, இது என் சுதா இல்ல, மூத்தவன், தப்பு எங்க மேலன்னு சொன்னேன். ரெண்டு பேரு ஏசினாங்க. ஏசட்டும். அவங்க வயித்தெரிச்சல் அப்புடி. ராஜினி மட்டும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா.

பன்னெண்டாந் தேதி வெசாரணைக்குப் போனேன். படம் பொய், சுதா பிரான்சுல இல்ல, பைலை மூடாதீங்கன்னு சொன்னேன். வேற படம் இருக்கான்னு கேட்டாங்க. நீ அனுப்புன தாளக் குடுத்தேன். கீழ செத்துட்டான்னு எழுதியிருந்ததாமே, அதப் பிரேமியோட தையல் கத்திரிக்கோலால நானே வெட்டி அடுப்புல போட்டுட்டுத்தான் கொண்டு போனேன். "அம்மா, இதிலை முகமே இல்லையே" அப்புடின்னாரு மொழி சொல்ற அய்யா. "முகம் இருந்தா நான் ஏன்யா உங்ககிட்ட வாரேன்"னு கேட்டேன். வாங்கிப் பைல்ல வச்சாரு. மூடல.

இப்ப நீ கேளு. நான் இங்க போயி என் பொய்ய எடுத்துட்டேன். இனி நீ அங்க போ. என் தம்பி செத்துட்டான்னு சொன்னது பொய், அவன் இருக்கானா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது, அம்மா தேடுறா, அப்புடின்னு அந்த நீதிபதிக்கிட்ட சொல்லு. பெத்தவ நான் இன்னும் சொல்லாத வார்த்தைய நீ எப்புடிப்பா எழுதிக் குடுத்த? ஒரு நாட்டுலயாவது என் புள்ள செத்தவன்னு தாள்ல இருக்கக் கூடாது. அதத் திருப்பி எடு.

அட்டை போயிரும், திருப்பி அனுப்பிருவாங்கன்னு பிரேமி அழுவுறா. அனுப்பட்டும். வந்துரு. ஏர்போட்டுக்கு நானே வந்து நிப்பேன். தாடி மொட்டைன்னு யோசிக்க வேணாம், ஏழு வருசமா உன் மூஞ்சியத்தான் வெயில்ல தூக்கிக்கிட்டு நின்னேன், எந்தக் கூட்டத்துலயும் நான் உன்னைக் கண்டுபுடிச்சுருவேன். ஒரு புள்ளையாவது என் கைக்கு வந்து சேரட்டும்.

திங்கக்கெழமையே போ. வேலைக்கு லீவு சொல்லிட்டுப் போ.

அம்மா
ராக்காயி
(கைநாட்டு)